கடைசிப் பெட்டியையும் பாருங்க!

போன செமஸ்டர்ல ஒரு பிளேஸ்மென்ட் இன்டர்வியூ. டெக்னிக்கல் ரவுண்டை எப்படியோ தாண்டிட்டேன். அடுத்தது எச்.ஆர். ரவுண்டு. அந்த மேடம் சிரிச்ச முகத்தோட கேட்டாங்க, "உங்க ஹாபி என்ன?"

"ரீடிங் புக்ஸ், மேடம்."

"வெரி குட். கடைசியா படிச்ச புக் எது?"

அவ்வளவுதான். மூளைக்குள்ள ஒரே நிசப்தம். நான் கடைசியா முழுசா படிச்சது பவர் எலக்ட்ரானிக்ஸ் லோக்கல் ஆத்தர் புக்தான். அதுவும் எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி. அதைச் சொல்லவா முடியும்? நான் முழிச்ச முழியை அவங்க பேப்பர்ல குறிச்சுக்கிட்டாங்க. ரிசல்ட் என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இதுல காமெடி என்னன்னா, அப்போ என் பேக்ல ஒரு எண்பது பக்க நோட்டு இருந்தது. அதுல நானூத்துச் சொச்சம் ரயில் என்ஜின்களோட நம்பர், தேதி, நேரம், எந்த ரயிலை இழுத்துட்டு வந்ததுன்னு எல்லாம் எழுதி வெச்சிருக்கேன். என் உண்மையான ஹாபி அதுதான்: ரயில் பாக்கறது. "அதெல்லாம் சின்னப் பசங்க வேலை"ன்னு யாராவது சிரிச்சுடுவாங்களோன்னு வெட்கப்பட்டு, இல்லாத ஒண்ணைச் சொல்லி மாட்டிக்கிட்டேன்.

அன்னைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளமான பதில். பொறுத்துக்குங்க.

பத்து ரூபாயும் ஒரு நோட்டும்

ரயில் பாக்க என்ன வேணும்? பத்து ரூபா பிளாட்பாரம் டிக்கெட். அது ரெண்டு மணி நேரம் செல்லும். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு தண்ணி பாட்டில். கேமரா இருந்தா நல்லது, இல்லேன்னாலும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

நம்ம ஊர் திருச்சிங்கறது இந்த விஷயத்துல பெரிய அதிர்ஷ்டம். விருத்தாசலம் வழியா சென்னைக்குப் போற கார்டு லைன், தஞ்சாவூர் பக்கம் போற மெயின் லைன், திண்டுக்கல் வழியா மதுரை, புதுக்கோட்டை வழியா காரைக்குடி, கரூர் வழியா ஈரோடுன்னு அஞ்சு திசையிலேர்ந்து ரயில் வந்து சேர்ற ஜங்ஷன் இது. ஒரு பெஞ்சுல உக்காந்தா போதும், ரயில்கள் தானா உங்களைத் தேடி வரும்.

ஆனா சும்மா வேடிக்கை பாக்கறதுக்கும் 'ரயில் பாக்கறதுக்கும்' ஒரு வித்தியாசம் இருக்கு. ரயில் முழுக்க எழுத்தும் எண்ணும் நிறமும் சத்தமுமா தகவல் கொட்டிக் கிடக்குது. அதைப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டா அதுதான் ஹாபி.

என்ஜின் நெத்தியில என்ன எழுதியிருக்கு?

முதல் பாடம், என்ஜினோட பேர். டபிள்யூ.ஏ.பி.-7ன்னு எழுதியிருக்கும். ரயில் ரசிகர்கள் சுருக்கமா 'வாப்-7'ன்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் அர்த்தம் உண்டு.

முதல் எழுத்து தண்டவாள அகலம். டபிள்யூன்னா பிராட் கேஜ், அதாவது 1676 மில்லிமீட்டர். ஒய்ன்னா மீட்டர் கேஜ், 1000 மில்லிமீட்டர். இசட், என் ரெண்டும் நேரோ கேஜ்.

ரெண்டாவது எழுத்து எதுல ஓடுதுங்கறது. ஏன்னா ஏ.சி. மின்சாரம், டின்னா டீசல்.

மூணாவது எழுத்து என்ன வேலைங்கறது. பின்னா பயணிகள் ரயில், ஜின்னா கூட்ஸ், எம்ன்னா ரெண்டுக்கும் பொது, எஸ்ன்னா ஷன்டிங்.

கடைசி எண் எத்தனாவது மாடல்ங்கறது.

இப்போ நீங்களே சொல்லுங்க, டபிள்யூ.ஏ.ஜி.-9ன்னா என்ன? பிராட் கேஜ்ல ஏ.சி. மின்சாரத்துல ஓடற கூட்ஸ் என்ஜின். பாஸ் பண்ணிட்டீங்க! இன்னும் ஒண்ணு: ஒய்.ஏ.எம்.-1. இதுக்கு விடையை அப்புறம் பாக்கலாம், ஞாபகம் வெச்சுக்குங்க.

பேரோட ஐந்து இலக்க நம்பரும் இருக்கும். பக்கவாட்டுல ஷெட் பேரும் எழுதியிருக்கும்: ராயபுரம், அரக்கோணம், ஈரோடு, பொன்மலைன்னு. ஷெட்ங்கறது அந்த என்ஜினோட சொந்த ஊர். ஊர் ஊரா சுத்தினாலும் பெரிய பராமரிப்புக்கு அது அங்கேதான் திரும்பிப் போகணும். எங்கேயோ வடக்குல இருக்கற ஷெட் பேரோட ஒரு என்ஜின் திருச்சியில வந்து நிக்கும்போது, "நீ எப்படிப்பா இங்க வந்தே?"ன்னு கேக்கத் தோணும். அந்த நாள் நோட்டுல ஸ்டார் போட வேண்டிய நாள்.

காதும் வேலை செய்யும்

கொஞ்ச நாள் பழகினா கண்ணை மூடிக்கிட்டே என்ஜினைச் சொல்லலாம். வாப்-4ங்கற பழைய மாடல்ல டி.சி. மோட்டார். மேல கம்பியில 25,000 வோல்ட் ஏ.சி. வருது. டிரான்ஸ்ஃபார்மர்ல டேப் சேஞ்சர் வெச்சு வோல்டேஜைப் படிப்படியா ஏத்தி, ரெக்டிஃபை பண்ணி மோட்டாருக்குக் கொடுப்பாங்க. வாப்-7ல த்ரீ-பேஸ் இண்டக்ஷன் மோட்டார். ஏ.சி.யை டி.சி. ஆக்கி, அந்த டி.சி.யை இன்வெர்ட்டர் மறுபடி வேற வேற ஃப்ரீக்வென்சியில ஏ.சி. ஆக்கி மோட்டாரைச் சுத்த வைக்கும். அதனாலதான் கிளம்பும்போது சுருதி படிப்படியா ஏறுற மாதிரி ஒரு சத்தம் வரும். பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டரா மாறி கரண்டைக் கம்பிக்கே திருப்பிக் கொடுக்கும்.

மூணாவது வருஷத்துல வி/எஃப் கன்ட்ரோல்னு போர்டுல எழுதினப்போ நான் கிளாஸ்ல தூங்கிட்டிருந்தேன். அது என்னன்னு புரிஞ்சது பிளாட்பாரத்துல. இது பெருமை இல்ல, வாக்குமூலம்.

12635 ஒரு விலாசம்

ரயில் நம்பரும் சும்மா வெச்சது இல்ல. 2010 டிசம்பர்லேர்ந்து நம்ம ரயில்களுக்கு ஐந்து இலக்க நம்பர். வைகை எக்ஸ்பிரஸை எடுத்துக்குங்க: 12635. முதல்ல வர்ற 1 தொலைதூர ரயிலைக் குறிக்கும். அதோட 2 சேர்ந்து 12ன்னு வந்தா சூப்பர்ஃபாஸ்ட். அடுத்த 6 தெற்கு ரயில்வேயைக் குறிக்கும். சென்னையிலேர்ந்து மதுரைக்குப் போகும்போது 12635, திரும்பி வரும்போது 12636. போக ஒரு நம்பர், வர அடுத்த நம்பர். 0ல ஆரம்பிச்சா ஸ்பெஷல் ரயில், 6ல ஆரம்பிச்சா மெமு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது உங்க டிக்கெட்டை எடுத்துப் பாருங்க, பாதி புரிஞ்சிடும்.

மஞ்சள் ஏன் ரெண்டு?

ரோட்டு சிக்னல்ல மூணு நிறம். ரயில் பாதையில நாலு நிலை: சிவப்பு, ஒற்றை மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை. சிவப்புன்னா நில். பச்சைன்னா போ. ஒற்றை மஞ்சள்னா அடுத்த சிக்னல்ல நிக்கத் தயாரா வா. இரட்டை மஞ்சள்னா அடுத்த சிக்னலை வேகம் குறைச்சுக் கடக்கத் தயாரா வா.

எதுக்கு இவ்வளவு முன்னறிவிப்பு? இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். உராய்வு கம்மி. அதனாலதான் ஒரே என்ஜினால அத்தனை பெட்டியை இழுக்க முடியுது. அதே காரணத்தால நிறுத்தறதும் கஷ்டம். 110 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ரயில் நிக்கறதுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆயிடும். கண்ணுக்கு எதிர்ல ஆள் தெரிஞ்சு பிரேக் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஓட்டுநர் பாக்கறது பாதையில என்ன இருக்குங்கறதை மட்டும் இல்ல, அடுத்த கிலோமீட்டர்ல என்ன இருக்கும்னு சிக்னல் சொல்றதை. லோகோ பைலட்டும் அசிஸ்டன்ட் லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் பாத்து, அதோட நிலையை ஒருத்தருக்கொருத்தர் வாய்விட்டுச் சொல்லிக்குவாங்க.

"வாலை யார் பாக்கறது?"

இப்போ தலைப்புக்கு வர்றேன். ரெண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு சாயந்திரம். வைகை வந்துச்சு, என்ஜின் நம்பரைக் குறிச்சேன், நோட்டை மூடினேன். ரயில் இன்னும் பிளாட்பாரத்தைத் தாண்டல. பக்கத்துல டீ குடிச்சிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டார், "என்ன தம்பி எழுதுற?"

"என்ஜின் நம்பர் ஐயா."

"கடைசிப் பெட்டியைப் பாத்தியா?"

"இல்லீங்க ஐயா, அதுல என்ன இருக்கு?"

அவர் பாயிண்ட்ஸ்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டுச் சொன்னார், "தலையை ஊரே பாக்கும் தம்பி. வாலை யார் பாக்கறது? நாங்க சம்பளம் வாங்கினது வாலைப் பாக்கத்தான்."

அப்புறம் விளக்கினார். கடைசிப் பெட்டியோட முதுகுல பெரிய பெருக்கல் குறி வரைஞ்சிருக்கும். கூடவே 'எல்.வி.'ன்னு ஒரு சின்னப் பலகை தொங்கும். லாஸ்ட் வெஹிக்கிள்ங்கறதோட சுருக்கம். ராத்திரியில அங்கே ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். ரயில் ஒரு ஸ்டேஷனைக் கடக்கும்போது ஊழியர் வெளிய வந்து நிக்கறது கொடி காட்டறதுக்கு மட்டும் இல்ல. அந்தக் குறியைப் பாக்கறதுக்கும்தான். குறி இருந்தா ரயில் முழுசா வந்துடுச்சுன்னு அர்த்தம். குறி இல்லேன்னா? நடுவுல இணைப்பு அறுந்து, சில பெட்டிகள் பின்னாடி இருட்டுல பாதையிலேயே நிக்கலாம். அந்தப் பாதையில அடுத்த ரயிலை விட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால கடைசிப் பெட்டி வந்து சேர்ந்தது உறுதியாகாம அடுத்த ரயிலுக்குப் பாதை கொடுக்க மாட்டாங்க.

இன்னைக்குப் பல இடங்கள்ல இந்த வேலையை ஆக்சில் கவுண்டர் செய்யுது. ஒரு பகுதிக்குள்ள எத்தனை அச்சு நுழைஞ்சது, எத்தனை வெளிய போச்சுன்னு எண்ணிக் கணக்கு டேலி ஆனாத்தான் பாதை காலின்னு காட்டும். கோட்பாடு அதேதான்: உள்ள போனதெல்லாம் வெளிய வந்துச்சா?

அன்னையிலேர்ந்து நான் நோட்டை மூடறது கடைசிப் பெட்டி போனதுக்கு அப்புறம்தான்.

ரயிலுக்குள்ள உக்காந்து ஒரு லேப்

வெளியிலேர்ந்து மட்டும் இல்ல, பயணத்துலயும் இந்த ஹாபி நடக்கும். ஜன்னல் வழியா மின்கம்பங்களைப் பாருங்க. ஒவ்வொண்ணுலயும் மேலேயும் கீழேயுமா ரெண்டு எண் இருக்கும். முதல் எண் கிலோமீட்டர், அடுத்தது அந்தக் கிலோமீட்டருக்குள்ள எத்தனாவது கம்பம்ங்கறது. கிலோமீட்டர் எண் மாறும்போது ஸ்டாப் வாட்ச்சை அமுக்குங்க. அடுத்த தடவை மாறும்போது நிறுத்துங்க. 3600ஐ அந்த வினாடியால வகுத்தா வேகம். 36 வினாடின்னா மணிக்கு 100 கிலோமீட்டர். 45 வினாடின்னா 80. ஜி.பி.எஸ். வேண்டாம், நெட் வேண்டாம்.

பழைய பாதையில தண்டவாளம் 13 மீட்டர் துண்டுகளா இருக்கும். ஒவ்வொரு இணைப்புலயும் 'டடக்'னு சத்தம். 47 வினாடியில எத்தனை டடக் கேக்குதோ, அதுதான் கிட்டத்தட்ட மணிக்கு எத்தனை கிலோமீட்டர்ங்கற கணக்கு. எப்படின்னு நீங்களே போட்டுப் பாருங்க, ரெண்டு வரிதான். இப்போ நீளமா வெல்டிங் பண்ணின தண்டவாளம் வந்துட்டதால அந்தத் தாளம் பெரும்பாலும் போயிடுச்சு.

நான் பாக்காம விட்டது

போயிடுச்சுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஒய்.ஏ.எம்.-1க்கு விடை கண்டுபிடிச்சீங்களா? மீட்டர் கேஜ்ல ஏ.சி. மின்சாரத்துல ஓடற, பயணிகளுக்கும் சரக்குக்கும் பொதுவான என்ஜின். 1960கள்ல ஜப்பான்லேர்ந்து வந்து நம்ம தாம்பரம் – விழுப்புரம் பாதையில ஓடினது. சென்னை கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலும் 1931லேர்ந்து மீட்டர் கேஜ்தான். அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில் கடைசியா ஓடினது 2004ல. நான் பிறந்த வருஷம். 1977 ஆகஸ்ட் 15 அன்னைக்கு வைகை எக்ஸ்பிரஸ் தொடங்கினப்போ அதுவும் மீட்டர் கேஜ் ரயில்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒருத்தர் பிளாட்பாரத்துல நின்னு போட்டோ எடுத்து வெச்சாங்க, நோட்டுல எழுதி வெச்சாங்க. அப்போ அவங்களையும் யாராவது "இதனால என்ன யூஸ்?"ன்னு கேட்டிருப்பாங்க.

இதைவிட வலிக்கற விஷயம் ஒண்ணு இருக்கு. ஸ்கூல் டூர்ல ராமேஸ்வரம் போனோம், ரயில்ல. 1914ல திறந்த பழைய பாம்பன் பாலம். கப்பல் போகணும்னா நடுவுல இருக்கற ஷெர்சர் தூக்குப் பகுதியை ஆட்கள் கையாலயே சுத்தித் திறப்பாங்க. அதுமேல ரயில் ஊர்ந்து போனப்போ நான் போன்ல கேம் ஆடிட்டிருந்தேன். "திரும்பி வரும்போது பாத்துக்கலாம்"னு நினைச்சேன், திரும்பும்போது தூங்கிட்டேன். 2022 டிசம்பர்ல அந்தப் பாலத்துல ரயில் நின்னு போச்சு. 2025 ஏப்ரல் 6ல பக்கத்துலயே புதுப் பாலம் திறந்தாச்சு. நடுப்பகுதி அப்படியே செங்குத்தா மேல எழும்பற பாலம், அதுவும் பிரமாதம்தான். ஆனா பழசு மேல இனி எந்த ரயில்லயும் நான் போக முடியாது.

இப்போ நம்ம கண் முன்னாடி போயிட்டிருக்கறது நீலப் பெட்டிகள். பெரம்பூர் ஐ.சி.எப்.ல 1955லேர்ந்து தயாரான அந்தப் பழைய வடிவமைப்புப் பெட்டிகளை 2018ல நிறுத்திட்டாங்க. இப்போ வர்றது எல்.எச்.பி. பெட்டிகளும் வந்தே பாரத்தும். ஓடற நீலப் பெட்டிகளும் ஒவ்வொண்ணா ரிட்டையர் ஆகும். நம்ம எல்லாரையும் பாட்டி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன பெட்டி அது. இப்பவே ஒரு தடவை நல்லாப் பாத்துக்குங்க.

மேஜை மேல ஒரு ரயில்வே

பாத்ததெல்லாம் போதாது, செஞ்சும் பாக்கணும்னு தோணும்போது மாடல் ரயில் ஆரம்பிக்கும். உலகத்துல அதிகம் பேர் வெச்சிருக்கற அளவு எச்.ஓ., அதாவது 1:87. அதோட தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். இன்னும் சின்னது என் ஸ்கேல், 1:160.

இங்கேயே நம்ம ஊர்க்காரனுக்கு ஒரு சிக்கல். 16.5ஐ 87ஆல பெருக்கினா 1435 மில்லிமீட்டர். அது ஐரோப்பா, அமெரிக்காவோட ஸ்டாண்டர்ட் கேஜ். நம்ம 1676ஐ 87ஆல வகுத்தா 19.3 வரணும். அதனால கடையில வாங்கற தண்டவாளத்துல நம்ம வாப்-7 மாடலை வெச்சா, பெரிய உடம்புக்குச் சின்னக் கால் மாதிரி ஒரு மூணு மில்லிமீட்டர் ஒடுங்கித்தான் நிக்கும். நிறைய பேர் அதைக் கண்டுக்கறதில்ல. ஆனா ஊட்டி ரயில் மீட்டர் கேஜ். 1000ஐ 87ஆல வகுத்தா 11.5. கடையில கிடைக்கற 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிட்டத்தட்ட சரியாப் பொருந்தும். மேட்டுப்பாளையம் – உதகை 46 கிலோமீட்டர், கல்லாறு – குன்னூர் நடுவுல பல்சக்கரத்துல ஏறற பாதை, 2005லேர்ந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அதோட புது நீராவி என்ஜின்களைச் செஞ்சது யாருன்னு நினைக்கறீங்க? நம்ம பொன்மலை ஒர்க்‌ஷாப்தான்.

போன வருஷம் நானும் ரூம்மேட்டும் இன்னொரு நண்பனும் காசு போட்டு ஒரு பழைய எச்.ஓ. செட் வாங்கினோம். ஒரு என்ஜின், ரெண்டு வேகன், வட்டப் பாதை. புதுசு வாங்கினா வெளிநாட்டுச் சரக்கு, பல ஆயிரம் ஆகும். அதுல நம்ம நீலப் பெட்டி ஓடணும்னு ஆசை. சன்போர்டு வெட்டி, ஃபெவிகால் போட்டு, 24.5 சென்டிமீட்டர் நீளத்துல பெட்டி ரெடி. நீலம் அடிச்சு, ஜன்னல் கம்பிகூட வரைஞ்சோம். வேகனோட சக்கரத்தைக் கழட்டி மாட்டினோம். நேர்ப்பாதையில ராஜா மாதிரி போச்சு. வளைவு வந்ததும் நடுப்பகுதி உள்பக்கமா ஒதுங்கி, நாங்க வெச்சிருந்த அட்டை பிளாட்பாரத்தை இடிச்சுத் தள்ளிட்டு, தடம் புரண்டு கட்டிலுக்குக் கீழ போயிடுச்சு.

அப்புறம்தான் பேப்பர் எடுத்தோம். செட்டோட வந்த வளைவின் ஆரம் 36 சென்டிமீட்டர். நிஜத்துல அது 31 மீட்டர். நம்ம பிராட் கேஜ்ல ரொம்ப இறுக்கமான வளைவே 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். அதை எச்.ஓ.ல போட்டா 2 மீட்டர் ஆரம், அரை வட்டத்துக்கே 4 மீட்டர் அகலம் வேணும். எங்க ஹாஸ்டல் ரூம் அவ்வளவு கிடையாது! பெட்டி நடுவுல எவ்வளவு ஒதுங்கும்னு ஒரு சூத்திரம் இருக்கு: போகிகளுக்கு நடுவுல உள்ள தூரத்தோட வர்க்கத்தை ஆரத்தோட எட்டு மடங்கால வகுக்கணும். எங்க மாடலுக்கு 10 மில்லிமீட்டர் வந்துச்சு. நிஜப் பெட்டிக்கு 175 மீட்டர் வளைவுல சுமார் 16 சென்டிமீட்டர்.

அந்த ராத்திரி ரூம்மேட் கேட்டான், "டேய், அப்போ வளைவுல இருக்கற ஸ்டேஷன்ல பிளாட்பாரத்துக்கும் பெட்டிக்கும் நடுவுல அவ்வளவு இடைவெளி இருக்கறது இதனாலதானா?" ஆமா, இதனாலயும்தான். பெட்டி ஒதுங்க இடம் விட்டுத்தான் பிளாட்பாரம் கட்ட முடியும். இத்தனை வருஷமா எங்கம்மா "பாத்து இறங்கு, கால் மாட்டிக்கும்"னு சொன்ன இடைவெளிக்குப் பின்னால இருக்கற கணக்கு, ஒரு அட்டைப் பெட்டி கவிழ்ந்ததுல புரிஞ்சது.

இ.சி.இ., சி.எஸ்.இ. மக்களுக்கும் இதுல வேலை இருக்கு. சாதாரண மாடல்ல தண்டவாளத்துல டி.சி. கொடுத்து, வோல்டேஜைக் கூட்டிக் குறைச்சா வேகம் மாறும். பிளஸ் மைனஸை மாத்தினா பின்னாடி போகும். ஆனா ஒரே பாதையில ரெண்டு என்ஜினைத் தனித்தனியா ஓட்ட முடியாது. அதுக்குத்தான் டி.சி.சி. வந்துச்சு. தண்டவாளத்துல எப்பவும் ஒரு சதுர அலை ஓடும், அதுவே கரண்டும் செய்தியும். அலையோட ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ வினாடின்னா அது '1', 100 மைக்ரோ வினாடி அளவுன்னா '0'. ஒவ்வொரு என்ஜினுக்குள்ளயும் ஒரு டிகோடர், அதுக்கு ஒரு அட்ரஸ். தன் அட்ரஸுக்கு வந்த கட்டளையை மட்டும் அது கேக்கும். ஒரு ஆர்டுயினோவும் ஒரு மோட்டார் டிரைவரும் இருந்தா நீங்களே செஞ்சு பாக்கலாம்.

இன்னொரு விஷயம். அமெரிக்காவுல எம்.ஐ.டி.ல 1946ல மாணவர்கள் ஒரு மாடல் ரயில் கிளப் ஆரம்பிச்சாங்க. மேஜைக்கு மேல ரயில், கீழ டெலிபோன் ரிலேக்களால ஆன கன்ட்ரோல் சிஸ்டம். அந்தக் கீழ்ப்பக்கத்துக் கூட்டம்தான் புத்திசாலித்தனமான ஒரு செய்முறைக்கு 'ஹேக்'னு பேர் வெச்சு, அந்தச் சொல்லைக் கம்ப்யூட்டருக்கும் கொண்டு போனது. 1962ல 'ஸ்பேஸ்வார்' கேமை உருவாக்கினவங்கள்ல அந்த கிளப் ஆட்களும் உண்டு. நம்ம காலேஜ் 'ஹேக்கத்தான்' போஸ்டரைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பொம்மை ரயில் ஞாபகம் வரும். இந்தியாவுல பெருசா பாக்கணும்னா புணேயில ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998லேர்ந்து இருக்கு.

தயவுசெஞ்சு இதைத் தாண்டிப் போயிடாதீங்க

ஹாபி உயிரோட இருக்கறவங்களுக்குத்தான். தண்டவாளத்துல இறங்கக் கூடாது. அனுமதி இல்லாம ரயில் பாதையில நுழையறது 1989ம் வருஷ ரயில்வே சட்டம் 147வது பிரிவுப்படி குற்றம், ஆறு மாசம் வரை ஜெயில் இருக்கு. மஞ்சள் கோட்டுக்குப் பின்னாடி நில்லுங்க. மின்சார ரயில் டீசல் மாதிரி இரைச்சலோட வராது, காதுல ஹெட்போன் இருந்தா பக்கத்துல வர்ற வரைக்கும் தெரியவே தெரியாது. வாசல்ல தொங்கி ரீல்ஸ் எடுக்காதீங்க. ஓட்டுநர் கண்ணுல படற மாதிரி ஃபிளாஷ் அடிக்காதீங்க, அவர் அந்த நேரத்துல சிக்னலைத் தேடிட்டிருப்பார். ரயில்வே போலீஸோ ஸ்டேஷன் மாஸ்டரோ "போட்டோ வேண்டாம்"னா வாதாடாம கேமராவை உள்ள வையுங்க. நோட்டும் பேனாவும் போதும்.

சரி, பதில் இதுதான் மேடம்

"இதனால என்ன யூஸ்?" இந்தக் கேள்விக்கு நான் சுத்திச் சுத்திப் பதில் தேடியிருக்கேன். சிலபஸ் புரிஞ்சதுன்னு சொல்லலாம். கவனம் கூடுதுன்னு சொல்லலாம். ரெண்டும் உண்மைதான். ஆனா அதுக்காக நான் போகல. நாலு வருஷமா இன்டர்னல், லேப், ஆப்டிட்யூட், சி.ஜி.பி.ஏ.ன்னு நான் செஞ்ச எல்லாத்துக்கும் யாரோ ஒருத்தர் மார்க் போட்டாங்க. அந்த பெஞ்சுல உக்காந்திருக்கற ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் யாரும் மார்க் போடல. வர்றதைப் பாத்தேன், எழுதினேன், அவ்வளவுதான்.

அடுத்த மாசம் இன்னொரு கம்பெனி வருது. அதே கேள்வி வந்தா என்ன சொல்றதுன்னு முடிவு பண்ணிட்டேன். சிரிச்சா சிரிக்கட்டும். குறைஞ்சபட்சம், "கடைசியா பாத்தது எது?"ன்னு கேட்டா தேதி, நேரம், ஷெட் பேரோட பதில் இருக்கு.

இந்தச் சனிக்கிழமை சாயந்திரம் வேலை இல்லேன்னா ஜங்ஷனுக்கு வாங்க. சென்னையிலேர்ந்து வைகை வர்ற நேரம். ஒரு நோட்டு எடுத்துட்டு வாங்க. என்ஜின் நம்பரைக் குறிச்சுக்குங்க. குறிச்சதும் திரும்பிடாதீங்க, அந்தப் பெருக்கல் குறி கண்ணை விட்டு மறையற வரைக்கும் நில்லுங்க. அப்புறம் டீ நான் வாங்கித் தர்றேன்.